‘குடுத்து வச்சவங்க’ என்று ஒரு சாட்சியம்

போன மாதம் அனன்யா தொலைபேசியில் அழைத்தாள். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் பிரிவில் நான் விட்டுவந்த நாற்காலியில் இப்போது அவள்தான் உட்காருகிறாள். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். தமிழைவிட வங்காளி அவளுக்குச் சரளம்; சித்தி என்ற பொருளில் என்னை ‘மாஷி’ என்பாள்.

"மாஷி, யோகக்காரின்னா யோகா டீச்சரா? ஆப்ல அப்படித்தான் வருது."

சிரிப்பை அடக்கிக்கொண்டு, யார் யாரைப் பற்றிச் சொன்னது என்று கேட்டேன். சொத்து வழக்கொன்றில் ஒரு பெண் தன் ஓரகத்தியைப் பற்றிச் சொன்னதாம்.

"அதிர்ஷ்டக்காரின்னு அர்த்தம். ஆனா நல்ல மனசோட சொல்லியிருக்க மாட்டா."

"அதையும் எழுதணுமா?"

"எழுதக் கூடாது. தெரிஞ்சு வச்சுக்கணும்."

இப்போதெல்லாம் தமிழ்ச் சாட்சியம் முதலில் ஏதோ ஒரு மென்பொருளுக்குள் போய் வந்த பிறகுதான் மனிதர் கைக்கு வருகிறது. அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. நாங்கள் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்து செய்ததை அது காபி ஆறுவதற்குள் செய்துவிடுகிறது. ஆனாலும் அனன்யா விடவில்லை. "நீங்க பார்த்த கேஸையெல்லாம் எழுதுங்களேன், மாஷி" என்றாள். எல்லாவற்றையும் எழுத முடியாது. அதிர்ஷ்டம், யோகம், பாக்கியம் என்று நல்லதைக் குறிக்கும் சொற்கள்தான் என் பணிக்காலத்தில் என்னை அதிகமாக அலைக்கழித்தன. அப்படி ஒரு சொல்லில் ஒரு பெண்ணின் வாழ்க்கையே மாட்டிக்கொண்ட வழக்கை மட்டும் எழுதுகிறேன்.

மூன்று தலைமுறையாக நாங்கள் இந்த ஊர்க்காரர்கள். டாக்குரியாவில் ஏரிக்குப் பக்கத்தில் வீடு. வீட்டில் தமிழ், தெருவில் வங்காளி, பள்ளியில் ஆங்கிலம், பக்கத்து வீட்டில் இந்தி. நான்கும் தெரிந்ததால் பெரிய கெட்டிக்காரி என்ற நினைப்பில் தேர்வு எழுதி வேலையில் சேர்ந்தேன். விசாலாட்சி என்ற என் பெயரை முதல் நாளே பிரிவில் எல்லோரும் ‘பிஷாலாக்கி’ ஆக்கிவிட்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு வருடம் பின்வரிசையில் உட்கார்ந்து மற்றவர்கள் பேசுவதைக் கேட்டேன், அவ்வளவுதான்.

பிரிவின் தலைவி ஷுப்ரா சன்யால். எல்லோருக்கும் ஷுப்ரா-தி. ‘தி’ என்றால் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயதுதான் மூத்தவர். மெலிந்த உடம்பு, கஞ்சி போட்ட பருத்திப் புடவை, தோளில் ஒரு தண்ணீர்க் குடுவை. நீதிமன்றத்தில் பேச எழுவதற்கு முன் குடுவையைத் திறந்து ஒரு வாய் குடிப்பார். எத்தனை பெரிய வழக்கறிஞர் எதிரே துடித்துக்கொண்டு நின்றாலும் அந்த ஒரு வாய் குடிக்காமல் எழ மாட்டார். "தண்ணீர் இறங்குகிற நேரத்தில் கோபமும் இறங்கிவிடும்" என்பார். தன்னை ‘நான்’ என்று நீதிமன்றத்தில் சொல்லவே மாட்டார். ‘மொழிபெயர்ப்பாளர் அனுமதி கோருகிறார்’ என்றுதான் சொல்வார். ஏனென்றால் எங்கள் வேலையில் ‘நான்’ என்ற சொல் சாட்சிக்குச் சொந்தம். கூண்டில் நிற்பவர் "நான் பார்த்தேன்" என்றால் நாங்களும் "நான் பார்த்தேன்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் பார்த்ததாகச் சொல்கிறார்" என்றால் அது வம்பு பேசுவது. அந்த ‘நான்’ எங்களுடையதோடு கலந்துவிடக் கூடாது என்பதில் ஷுப்ரா-திக்கு அப்படி ஒரு கண்டிப்பு.

அவருக்குத் தமிழ் ஓர் எழுத்துக்கூடத் தெரியாது. ஆனால் தமிழ்ச் சொற்களைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளை வேறு யாரும் என்னிடம் கேட்டதில்லை. மாலையில் மண்கோப்பைத் தேநீரோடு என் மேசைக்கு வந்து நிற்பார். "இதை யார் சொல்லலாம்? தன்னைப் பற்றியே சொல்லிக்கொள்ளலாமா? செத்தவரைப் பற்றிச் சொல்லலாமா?" இந்த மூன்றும் தெரியாமல் ஒரு சொல்லின் அர்த்தம் தெரியும் என்று சொல்லாதே என்பார்.

அவர் கேட்கக் கேட்கத்தான் எனக்கே என் மொழி தெரிய வந்தது. நாம் மகிழ்ச்சியோடு சொல்லும் அதிர்ஷ்டம் வங்காளியில் ‘ஒத்ருஷ்டோ’. அங்கே அது விதி. பெரும்பாலும் பெருமூச்சோடு சொல்லப்படுவது. கண்ணுக்குத் தெரியாதது என்ற ஒரே மூலத்திலிருந்து கிளம்பிய சொல் ஒரு வீட்டில் சிரிக்கிறது, இன்னொரு வீட்டில் அழுகிறது. அவர்களுடைய ‘பாக்கோ’ நல்லதாகவும் இருக்கலாம், கெட்டதாகவும் இருக்கலாம். நம்முடைய பாக்கியம் நல்லது மட்டும். லாட்டரி விழுந்தவனை அதிர்ஷ்டசாலி என்போம், பாக்கியசாலி என்று சொல்ல நாக்கு வராது. நல்ல பிள்ளைகளைப் பெற்றவரைத்தான் அப்படிச் சொல்வோம். இதைச் சொன்னபோது ஷுப்ரா-தி தேநீரை வைத்துவிட்டு, "அப்படியானால் ஒன்று வந்து விழுவது, இன்னொன்று கூடவே வாழ்வது" என்றார். நான் அசந்துபோனேன்.

இந்தச் சொற்கள் எங்கே கவிழ்க்கும் என்பதற்கு ஆரம்பத்திலேயே ஓர் எச்சரிக்கை கிடைத்தது. நாமக்கல் லாரி ஓட்டுநர் ஒருவர் விபத்து வழக்கில், "என் நல்ல நேரம், வண்டி மரத்துல மோதி நின்னுடுச்சு" என்று சொல்லியிருந்தார். வெளியிலிருந்து வந்த யாரோ ஒருவர் அதை ஆங்கிலத்தில், விபத்து நேரத்தில் அவர் உல்லாசமாக இருந்தார் என்று பொருள்படும்படி எழுதிவிட்டார். ஓட்டுநர் குடித்திருந்தாரா என்று விசாரணையே திசைமாறிப் போனது. அதை நேர்செய்ய ஷுப்ரா-தி மூன்று முறை நீதிமன்றத்தில் தண்ணீர் குடித்து எழ வேண்டியிருந்தது.

இனி மாரியம்மாள் வழக்கு.

மாரியம்மாள் சாத்தூர்ப் பக்கத்துப் பெண். ஐம்பது வயதிருக்கும். பாலிகஞ்சில் ஓர் அடுக்கு வீட்டில் கமலாம்பாள் என்ற தமிழ் முதியவருக்குத் துணையாக இருந்தாள். கமலாம்பாள் வங்கி அதிகாரியின் மனைவி. கணவர் போன பிறகு வாதம் வந்து ஒரு பக்கம் விழுந்து, வருடக்கணக்கில் படுக்கையிலேயே இருந்தார். மகன் வெளிநாட்டில். அந்த மகன்தான் மாரியம்மாளை ஊரிலிருந்து வரவழைத்தவர். இவளுக்கு வங்காளி தெரியாது. எதிர்வீட்டில் நிர்மல் பாபு என்ற ஓய்வுபெற்ற பொறியாளர் மனைவியோடு இருந்தார். இளம் வயதில் சில வருடங்கள் சென்னையில் வேலை பார்த்ததில் கொஞ்சம் தமிழ் வரும். அந்தக் கட்டடத்தில் மாரியம்மாள் நாலு வார்த்தை பேச முடிந்தது அவரோடு மட்டும்தான்.

ஒரு நாள் காலையில் மாரியம்மாள் வந்து அவர் கதவைத் தட்டியிருக்கிறாள். அவர் ஓடிப்போய்ப் பார்த்தபோது கமலாம்பாள் தலையணையில் சாய்ந்தபடி இறந்துகிடந்தார். மேசையில் தூக்க மாத்திரை அட்டை பாதி காலியாக இருந்தது. மாரியம்மாள் அழவில்லை. தலைமாட்டில் கிடந்த சீப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஏதோ சொன்னாள். என்ன சொன்னாள் என்று போலீஸ் பிறகு கேட்டபோது, "கொடுத்தேன், போய்விட்டார் என்கிற மாதிரி சொன்னாள்" என்றார் நிர்மல் பாபு. பொய் சொல்லும் மனிதர் இல்லை. தனக்குப் புரிந்ததைச் சொன்னார். அதுவே ஒப்புதல் வாக்குமூலம் போல ஆகி, மாரியம்மாள் சிறைக்குப் போனாள். வேலை அலுத்துப்போய், ஊருக்குப் போக ஆசைப்பட்டு, மாத்திரையை அதிகமாகக் கொடுத்துக் கொன்றாள் என்பது குற்றச்சாட்டு. உடலில் மருந்து இருந்தது உண்மை. ஆனால் அது வழக்கமான அளவா, கூடுதலா என்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று மருத்துவர் சாட்சி சொல்லிவிட்டார். ஆகவே எல்லாம் அந்த வார்த்தைகளில் வந்து நின்றது.

நிர்மல் பாபு கூண்டில் ஏறிய அன்று மொழிபெயர்ப்பாளர் இருக்கையில் நான். பின்வரிசையில் ஷுப்ரா-தி. அரசு வழக்கறிஞர், மாரியம்மாள் சொன்னதை அப்படியே தமிழில் சொல்லச் சொன்னார். நிர்மல் பாபு கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்:

"குடுத்து பச்சபங்க. போய்ச் சேந்துட்டாங்க. எனக்குத்தான் குடுத்து பைக்கல."

வங்காளி நாக்கில் ‘வ’ கிடையாது. எல்லாம் ‘ப’ ஆகிவிடும். எனக்குக் கேட்டவுடனே விளங்கிவிட்டது. ஆனால் எனக்கு விளங்கியது போதாது. அவள் "குடுத்து வச்சவங்க" என்று சொல்லியிருந்தால், கமலாம்பாள் பாக்கியம் செய்தவர் என்று அர்த்தம். "குடுத்து வச்சேங்க" என்று சொல்லியிருந்தால், ‘நான் கொடுத்துவைத்தேன் ஐயா’ என்றாகிவிடும். ஒரே ஓர் எழுத்து. அதைச் சாட்சிக்கு நான் எடுத்துக்கொடுக்கக் கூடாது.

எழுந்தேன். "மொழிபெயர்ப்பாளர் அனுமதி கோருகிறார். முதல் வாக்கியத்தைச் சாட்சி இன்னொரு முறை, மெதுவாக, துண்டு துண்டாகச் சொல்ல வேண்டும்."

நீதிபதி தலையசைத்தார். நிர்மல் பாபு விரலால் கூண்டின் விளிம்பில் தட்டிக்கொண்டே சொன்னார்: "குடுத்து... பச்... ச... பங்... க."

"நிச்சயமாகவா?" என்றார் நீதிபதி.

"நிச்சயமாக. அந்த மொழி எனக்குப் பிடிக்கும், யுவர் ஆனர். ஓசை எனக்கு மறக்காது. அர்த்தத்தில்தான் நான் வல்லவன் இல்லை."

நான் ஆங்கிலத்தில் சொன்னேன்: "அவர் பாக்கியசாலி. போய்ச் சேர்ந்துவிட்டார். எனக்குத்தான் அந்தப் பாக்கியம் இல்லை."

அரசு வழக்கறிஞர் துள்ளி எழுந்தார். "இது மொழிபெயர்ப்பா, வக்காலத்தா? ‘குடுத்து’ என்றால் கொடுத்து. இதைத் தெரிந்துகொள்ள நான் தமிழனாக இருக்க வேண்டியதில்லை. அந்தக் கொடுத்தது எங்கே போயிற்று? தன் ஊர்க்காரியைக் காப்பாற்றுகிறார் இந்த அம்மாள்!"

நீதிபதி என்னைப் பார்த்தார். "அதில் ‘கொடுத்து’ என்று இருக்கிறதா?"

"இருக்கிறது, யுவர் ஆனர்."

அறையில் சலசலப்பு. மேலே பேச வாயெடுத்தேன். அப்போது பின்னால் குடுவையின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பின்னால் திரும்பினேன்.

ஷுப்ரா-தி குடித்து முடித்து எழுந்தார். "மொழிபெயர்ப்பாளர் பிரிவு அனுமதி கோருகிறது. ஒரு தொடரில் உறுப்புகள் வேறு, உயிர் வேறு. இரண்டையும் நீதிமன்றத்தின் முன் வைக்கிறோம். எதை ஏற்பது என்பது நீதிமன்றத்தின் உரிமை. பிரிவின் தலைவி என்ற முறையில் நான் கேள்வி கேட்கிறேன், என் சகா பதில் சொல்லட்டும்."

நீதிபதி அனுமதித்தார். ஷுப்ரா-தி தம்மை ‘நான்’ என்று நீதிமன்றத்தில் சொல்லி நான் கேட்டது அந்த ஒரு முறைதான்.

"கொடுத்தது யார்?" என்று கேட்டார்.

"யாரைப் பாக்கியசாலி என்கிறோமோ அவரே. முற்பிறவியில் தானமாகக் கொடுத்துச் சேர்த்துவைத்தார், இந்தப் பிறவியில் அனுபவிக்கிறார் என்பது கருத்து. சொல்கிறவர்கள் யாரும் இப்போது அதை நினைப்பதில்லை."

"தன்னைப் பற்றிச் சொல்லிக்கொள்ளலாமா?"

"இல்லை என்று சொல்லிக்கொள்ளத்தான் அதிகமாகப் பயன்படும். ‘எனக்குக் குடுத்து வைக்கல.’"

"இறந்தவரைப் பற்றி?"

"சொல்வார்கள். சிரமப்படாமல், யாரையும் சிரமப்படுத்தாமல் போனவரைப் பற்றி."

அரசு வழக்கறிஞர் லேசுப்பட்டவர் இல்லை. குரலைத் தணித்துக்கொண்டு என்னிடம் வந்தார். "அம்மா, இந்தச் சொல்லில் பொறாமை உண்டா?"

அங்கேதான் நான் மாட்டிக்கொண்டேன். இல்லை என்று சொல்லிவிடலாம். மறுக்க அந்த அறையில் ஆளில்லை. திரும்பிப் பார்த்தேன். ஷுப்ரா-தி என்னைப் பார்க்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பதில் என்னுடையது என்று விட்டுவிட்டார்.

"ஏக்கம் உண்டு. சிலர் வாயில் பொறாமையும் உண்டு" என்றேன்.

"ஆக, இவளுக்கு அந்தச் சாவின் மேல் ஏக்கம். தனக்கும் அப்படிக் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிறாள். அதாவது விடுதலை தருவதாக நினைத்துக் கொடுத்தாள். நன்றி அம்மா." அவர் திருப்தியோடு உட்கார்ந்தார்.

அன்று மாலை தேநீரை என்னால் குடிக்க முடியவில்லை. "உண்மையைச் சொல்லி அவளைச் சிக்கவைத்துவிட்டேனோ?" என்று கேட்டேன்.

ஷுப்ரா-தி சொன்னார்: "நீ ‘இல்லை’ என்றிருந்தால் நாளைக்கு அவள் பேசும்போது உன் வாயிலிருந்து வருவதை யார் நம்புவார்கள்? அவள் இன்னும் பேசவே இல்லை, பிஷாலாக்கி."

அவர் சொன்னபடிதான் நடந்தது. சாட்சிகள் முடிந்த பிறகு குற்றம் சாட்டப்பட்டவரை நீதிபதியே நேரில் கேட்கும் கட்டம் வந்தது. ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டுக்கொண்டு வந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "அவரைப் பாக்கியசாலி என்று ஏன் சொன்னாய்?" நான் தமிழில் கேட்டேன். மாரியம்மாள் கூண்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நீதிபதியைப் பார்த்தே பதில் சொன்னாள்.

"அய்யா, எங்கம்மா சாத்தூருல வருசக்கணக்கா படுக்கையில கெடந்துச்சு. நான் இங்க வேற ஒருத்தங்களப் பாத்துக்கிட்டு இருந்தேன். முதுகெல்லாம் புண்ணாகித்தான் போச்சு. நான் போய்ச் சேருறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிருச்சு. இந்தம்மா ஒடம்புல ஒரு புண்ணு வர நான் விடல. அன்னைக்குக் காலையில தல வாரிவிடச் சொன்னாங்க. வாரிவிட்டேன். காப்பி குடுடின்னாங்க. கலக்கிட்டு வாரதுக்குள்ள கண்ண மூடிட்டாங்க. தூங்குற மாதிரி இருந்தாங்கய்யா. அப்படிப் போறதுக்குக் குடுத்து வச்சிருக்கணும். அதத்தான் சொன்னேன். பெத்தவளுக்கும் கடைசி நேரத்துல நான் பக்கத்துல இல்ல. இவுகளுக்கும் இல்ல. எனக்குக் குடுத்து வைக்கல."

இதை நான் ‘நான்’ என்று சொல்ல வேண்டும். "என் அம்மா வருடக்கணக்கில் படுக்கையில் கிடந்தார்" என்று ஆங்கிலத்தில் தொடங்கினேன். ஒரு சொல் கூட்டாமல் குறைக்காமல், அவள் நிறுத்திய இடத்தில் நிறுத்தி, சொல்லி முடித்தேன். ‘குடுத்து வச்சிருக்கணும்’ வந்த இடத்தில் முதலில் தமிழ்ச் சொல்லையே சொன்னேன். பிறகு அதன் ஆங்கிலம்.

நீதிபதி பிரேதப் பரிசோதனை அறிக்கையைப் புரட்டினார். ஓரிடத்தில் விரலை வைத்து அரசு வழக்கறிஞரிடம் கேட்டார்: "வருடக்கணக்கில் படுத்த படுக்கை. உடலில் படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை என்று இருக்கிறதே. இதை நீங்கள் படித்தீர்களா?"

"படித்தேன், யுவர் ஆனர்" என்றார் அவர். மேற்கொண்டு வாதாடவில்லை. அவரையும் நான் மதிக்கிறேன். நல்ல வழக்கறிஞர்; எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

மாரியம்மாள் விடுதலை ஆனாள். தீர்ப்பில் நீதிபதி அந்தத் தொடரை மொழிபெயர்க்காமல் தமிழ் ஓசையிலேயே எழுதி, பக்கத்தில் நாங்கள் சொன்ன இரண்டு பொருளையும் கொடுத்து, கவனித்துக்கொண்ட கையின் சாட்சியம் பாக்கியசாலி என்ற இரண்டாவது பொருளோடுதான் ஒத்துப்போகிறது என்று முடித்திருந்தார். அதைவிட நேர்த்தியாக எங்கள் வேலையை யாரும் மதித்ததாக எனக்கு நினைவில்லை.

தாழ்வாரத்தில் நிர்மல் பாபு மனைவியோடு காத்துநின்றார். மனிதர் பாதியாக இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "நான் மன்னிப்புக் கேட்கிறேன் என்று அவளிடம் சொல்லுங்கள்" என்றார் வங்காளியில்.

நான் வாயெடுப்பதற்குள் ஷுப்ரா-தி, அண்ணனை அழைப்பதுபோல் அவரை அழைத்து, குறுக்கிட்டார். "தாதா, உங்களுக்குத்தான் தமிழ் தெரியுமே. நீங்களே சொல்லுங்கள்."

அவர் மாரியம்மாள் முன்னால் போய்க் கையைக் கூப்பினார். "மன்னிக்கணும் அம்மா. தப்பா புரிஞ்சுது."

மாரியம்மாள் பதறிப்போய் அவர் கையைக் கீழே இறக்கினாள். "என்னய்யா இது! அன்னைக்கு நீங்க ஒருத்தருதான கதவத் தெறந்தீங்க. வயசானவங்களத் தொந்தரவு பண்ண வேண்டாம்னு மத்த கதவெல்லாம் தட்டிப் பாத்துட்டுத்தான் உங்ககிட்ட வந்தேன்."

இது யாருக்கும் தெரியாத செய்தி. நிர்மல் பாபுவின் மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அன்றிரவு அவர்கள் வீட்டில்தான் மாரியம்மாள் தங்கினாள். மறுநாள் ஹவுராவில் சென்னை ரயில். நானும் ஷுப்ரா-தியும் போயிருந்தோம். நிர்மல் பாபு தலையணை, தண்ணீர், பூரி என்று வண்டிக்கும் நடைமேடைக்குமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தார். மாரியம்மாள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்து எங்களையே பார்த்தாள். நீதிமன்றத்தில் அவள் பேசியதை எல்லாம் என் வாய்வழியாகக் கேட்ட ஷுப்ரா-தி, அவளோடு நேரில் ஒரு சொல்லும் பேசியதில்லை.

வண்டி அசைந்தது. மாரியம்மாள் கம்பி வழியாகக் கையை நீட்டி ஷுப்ரா-தியின் கையைப் பிடித்தாள்.

"வாரேன்க்கா" என்றாள்.

அவள் இனி இந்த ஊருக்கு வரப்போவதில்லை என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். ‘வாரேன்’ என்றுதான் நாங்கள் விடைபெறுவோம் என்று ஷுப்ரா-திக்குச் சொல்லத் திரும்பினேன். அதற்குள் அவர், தம் வீட்டிலிருந்து கிளம்புகிறவர்களை வழியனுப்புகிற அதே குரலில், "ஏஷோ, ஏஷோ" என்று சொல்லிக்கொண்டே வண்டியோடு நடக்க ஆரம்பித்திருந்தார். வா, வா என்று அர்த்தம். விடைபெறுகிறவரிடம் வங்காளிகளும் அதைத்தான் சொல்வார்கள்.

மாரியம்மாள் தலையை ஆட்டினாள். இருவரில் யாரும் என் பக்கம் திரும்பவில்லை.